பேஸ் கிடாருக்குச் சுறா எண்ணெய்

"ஏம்ப்பா, மிச்ச ரெண்டு கம்பி எங்க?" என்று என்னிடம் கேட்காத ஆள் தூத்துக்குடியில் இல்லை. பேஸ் கிடாருக்கு நாலு கம்பிதான் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். அதைச் சொல்லி முடித்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "சத்தமே கேக்கலையே?" கேட்கும் ஐயா. காதைவிட நெஞ்சுக்கூட்டில் நன்றாகவே கேட்கும். பந்தியில் இரண்டாம் பாயசத்துக்குக் கை நீட்டிக்கொண்டே கேள்வி கேட்கிறவனுக்கு இதை எப்படி விளக்குவது?

அந்த பேஸ் அமெரிக்காவில் செய்தது. கப்பலில் வேலைக்குப் போயிருந்த என் அண்ணன் ராட்டர்டாமில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கி வந்தான். நான் கேட்டிருந்தது சாதாரண கிடார். "அதவிட இது பெருசா இருந்துச்சு, அதான் எடுத்தேன்" என்றான், சந்தையில் தேங்காய் பொறுக்கியவன் மாதிரி. முதலில் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் கொஞ்ச நாள் வாசித்த பிறகு வேறு எதையும் தொட மனம் வரவில்லை. பகலில் புதுத் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக மூட்டை எண்ணினேன். மிச்ச நேரத்தில் சாயர்புரம் ஜெயசிங் அண்ணாச்சியின் கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸ் வாசித்தேன். முதல் வேலை சோற்றுக்கு. இரண்டாவது இல்லாவிட்டால் எனக்குக் கிறுக்குப் பிடித்திருக்கும்.

எங்கள் ஊர்க் காற்றுக்கு இரும்பு என்றால் கொள்ளை ஆசை. அதில் உப்பு இருக்கிறது, ஈரம் இருக்கிறது, வேறு வேலை எதுவும் கிடையாது. ஒவ்வொரு தடவை வாசித்து முடித்ததும் கம்பிகளை மல் துணியால் துடைப்பேன். பெட்டியைச் சாத்தி மேலே போர்வை போடுவேன். மறுநாள் திறந்தால் திருகாணி எல்லாம் சிவந்திருக்கும். பேஸ் கம்பி மெட்ராஸிலேயே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். அதனால் கம்பிகளைக் கழற்றிச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைப்பேன். அழுக்கு இறங்கிக் கொஞ்ச நாளைக்கு உயிர் வரும். "இன்னைக்கு என்ன, கம்பி ரசமா?" என்று என் மனைவி பிளாரன்ஸ் கேட்பாள். ஒரு தடவை அவளுடைய நல்ல பாத்திரத்தை எடுத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே வெறும் ரசம்தான்.

கம்பியையாவது கொதிக்க வைக்கலாம். உள்ளே இருக்கிற வால்யூம் கன்ட்ரோலை என்ன செய்வது? உப்பு அதற்குள்ளும் போய்விட்டது. குமிழைத் தொட்டால் கரகரவென்று தகர டப்பாவை இழுக்கிற சத்தம். ஒயர் சொருகும் ஜாக்கில் பச்சைக் களிம்பு. பிளேட்டைத் திறந்து பெட்ரோல் தொட்டுக் கழுவினேன், உப்புத்தாளால் தேய்த்தேன். அடுத்த வாரமே பழைய குருடி கதைதான். கடைசியாக வாசித்த கல்யாணத்தில் பொண்ணு மேடை ஏறுகிற நேரம் பார்த்து பேஸ் 'டமார்' என்று வெடித்தது. பொண்ணு அலறிப் பூச்செண்டைக் கீழே போட்டுவிட்டது.

ஜெயசிங் அண்ணாச்சி அன்றைக்கு ஆர்மோனியத்தை மூடிவிட்டு வந்து சொன்னார்: "ஏலே இனிகோ, அடுத்தால தாணுலிங்கம் பிள்ளை வீட்டுக் கல்யாணம். அங்கன ஒரு தடவ கரகரன்னாலும் பேஸ் கிடையாது, ஆமா. வேணும்னா மரக்காஸ ஆட்டிக்கிட்டு நில்லு."

மரக்காஸ் என்றால் கிலுகிலுப்பைதான். கல்யாணமாகி மாமனார் வீட்டோடு இருக்கிறவன் மேடையில் கிலுகிலுப்பை ஆட்டினால் ஊர் என்ன பேசும்? அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். பேஸ் இல்லாமல் என்னால் இருக்க முடியாது. அதனால் தாணுலிங்கம் பிள்ளை வீட்டில் எப்படியாவது மானத்தைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று தினமும் அந்தக் கன்ட்ரோலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என் மாமனார் சிலுவை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிய தண்டல் அவர். தோணியில் அவர் சொன்னதுதான் சட்டம். கரைக்கு வந்தபின் சட்டம் போட ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இதுக்குப் போயி மண்டய ஒடைக்கியளே. சுறா எண்ணெயில ரெண்டு இழுப்பு இழுத்து விட்டா உப்பு கிட்ட வருமா?"

"மாமா, இது தோணி இல்ல."

"மரந்தான? இரும்புந்தான? எண்ணெய் அடிச்ச தோணிய உப்பு என்ன செஞ்சிருக்கு?"

"தொட்டுராதிய மாமா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவர் பேசாமல் எழுந்து போனார். ஒரு தண்டல் பேசாமல் போனால் சம்மதித்துவிட்டார் என்று நினைத்தது என் மடத்தனம்.

கல்யாணத்தன்று மத்தியானம் துறைமுகத்திலிருந்து வந்தபோது தெருமுனையிலேயே வாடை அடித்தது. யாரோ தோணிக்கு எண்ணெய் அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் மாமா நின்றார். முழங்கைவரை எண்ணெய், முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க மாப்ள, வந்து பாருங்க."

கட்டிலில் என் பேஸ் அப்போதுதான் கடலிலிருந்து பிடித்துப் போட்டது போல மின்னியது. கம்பி, கட்டை, கம்பி முறுக்கும் சாவி, திருகாணி, ஒன்றையும் விடவில்லை. "மூடியக் கழத்தி உள்ளுக்குள்ளயும் ஊத்தி விட்டிருக்கேன். இனி உப்பு இல்ல, உப்போட அப்பன் வந்தாலும் ஒண்ணும் ஆவாது" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மாமனாரை 'ஏலே' என்று திட்ட முடியுமா? செருப்பைக் கழற்றிச் சுவரில் அடித்தேன். அவர் சிரிப்பு அணைந்துபோனது. "நல்லதுக்குத்தான மாப்ள செஞ்சேன்" என்றார். நல்லதுக்குத்தான், தெரியும். அதனால்தான் கோபம் போக வழியில்லாமல் நெஞ்சிலேயே நின்றது.

பிளாரன்ஸ் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள். எலுமிச்சம்பழம் தேய்த்தாள். கடைசியில் ஒரு டப்பா கூட்டிக்குரா பவுடரையும் கொட்டினாள். இப்போது பவுடர் போட்ட சுறா மாதிரி வாடை அடித்தது.

இது கடலோரத்துப் புன்னைக்காயல் கல்யாணம் என்றால் ஒருவரும் மூக்கைத் திருப்பியிருக்க மாட்டார்கள். தாணுலிங்கம் பிள்ளை வீடு தாமிரபரணிக் கரையில், வயலுக்கு நடுவே. சுத்த சைவம். முட்டை என்ற சொல்லைக்கூட அடுப்படியில் சொல்லாத குடும்பம்.

வேனில் ஏறியதும் டிரம்ஸ் அடிக்கிற பேபி தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டான். ஜெயசிங் அண்ணாச்சி கைக்குட்டையை மூக்கில் வைத்தார்.

"என்னலே இது, கருவாட்டு மூட்டையா?"

"மாமா பேஸுக்கு எண்ணெய் போட்டுட்டாரு அண்ணாச்சி."

"இதத் தூக்கிக்கிட்டா பிள்ளமாரு வீட்டுக்கு வாரே?"

"போறதுக்குள்ள காத்துல போயிரும் அண்ணாச்சி."

போகவில்லை. ஆனால் பந்தலில் பூவும் சந்தனமும் சாம்பிராணியும் இருந்ததால் முதலில் தெரியவில்லை. மேடையில் பின்வரிசையில் என் இடத்தில் நின்று ஒயரைச் சொருகினேன். குமிழை மெல்லத் திருப்பினேன்.

சத்தமே இல்லை. கரகரப்பைச் சொல்கிறேன். சுத்தமாக இல்லை. மறுபடி திருப்பினேன், வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போனது. கம்பியைத் தட்டினேன். வழக்கமான தகரக் கணகணப்பு போய், உருண்டு திரண்ட ஒரு சத்தம் வந்தது. எண்ணெய் செய்த வேலை. நான் எத்தனையோ வருஷமாகத் தேடிய சத்தம் ஒரு சிரட்டைச் சுறா எண்ணெயில் இருந்திருக்கிறது! பேபி திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். முதல் பாட்டு முழுக்க நாங்கள் இருவரும் தோளில் கை போட்டு நடப்பவர்கள் மாதிரிப் போனோம். அவ்வளவு நன்றாக நான் வாசித்ததே இல்லை.

ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்வரிசை அம்மாக்கள் சேலைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பேர் எலி செத்துக் கிடக்கிறதா என்று மேடைக்கு அடியில் குனிந்தார்கள். சமையற்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நான் பேஸை உடம்போடு அணைத்துக்கொண்டு வாசித்தேன், அப்படியாவது வாடை அடங்காதா என்று. கடைசியில் தாணுலிங்கம் பிள்ளையே மேடை ஏறி, ஒவ்வொருவராக மோந்துகொண்டு வந்து, என் முன்னால் நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஜெயசிங், தப்பா நெனைக்காதீய. இந்த வாத்தியத்துல மீன் நாத்தம் அடிக்கி. பந்தி நடக்குத எடம் பாத்துக்கிடுங்க. வெளிய கொண்டு போயிரச் சொல்லுங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. பேஸைத் தூக்கிக்கொண்டு பந்தல் நடுவே நடந்தேன். வழிவிட்டார்கள், நன்றாகவே விலகி வழிவிட்டார்கள்.

தெருவில் நின்ற வேனுக்குள் போய் உட்கார்ந்தேன். உள்ளே அடுத்த பாட்டு ஆரம்பித்தது. நான் இல்லாமல் பாட்டு விழுந்து நொறுங்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் நொறுங்கவில்லை. பாட்டு முடிந்தது, கை தட்டினார்கள். "இப்பவும் நல்லாத்தான இருக்கு" என்றார் டிரைவர். அவர் பல்லை உடைக்கலாம் போலிருந்தது. மாமா மேல் கோபம், பிள்ளை மேல் கோபம், இதைப் போய் வாங்கி வந்த அண்ணன் மேல் கோபம்.

அதற்கடுத்த பாட்டில் தாளம் ஓட ஆரம்பித்தது. பேபி பிடித்து இழுக்கிறான், ஆர்மோனியம் முந்துகிறது, பாடுகிறவர் மூச்சு வாங்குகிறார். பாட்டு முடிந்ததும் பேபி வேனை நோக்கி ஓடி வந்தான், கையில் மைக் செட்டுக்காரரின் நீள ஒயரை இழுத்துக்கொண்டு.

"அண்ணாச்சி இதுல சொருகச் சொன்னாரு. அங்கன எனக்குக் காலே ஊனல. நீ இங்கனயே இருந்து வாசி. ஒன் பேஸுக்குத்தாம்ல நாத்தம், சத்தத்துக்கு என்ன நாத்தம்?"

சொருகினேன். என் ஸ்பீக்கர் பெட்டி அங்கே மேடையில், நான் இங்கே தெருவில். வேன் சீட்டில் உட்கார்ந்து கம்பியைத் தொட்டால் பந்தலுக்குள் சத்தம் எழும்பியது. மேடையில் நிற்கிறவனுக்குத் தன் பெட்டியின் இரைச்சல்தான் கேட்கும். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவை வெளியிலிருந்து கேட்டேன். என் சத்தம் அடியில் விரிந்து கிடக்க, அதன் மேல் மற்ற எல்லாம் நடந்துபோயின. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கிருந்தோ ஒரு பூனை வந்து வேன் படியில் உட்கார்ந்து, என்னையே வைத்த கண் வாங்காமல் பார்த்தது. சைவ ஊரில் பிறந்த பூனை, பாவம். அன்றைக்கு என்னை நேரில் பார்த்த ரசிகர் அது ஒன்றுதான்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் பிள்ளை மைக்கைப் பிடித்தார். இப்படி ஒரு கச்சேரி இந்த ஊர் கேட்டதில்லை என்றார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பட்டுத்துண்டு போர்த்தினார். ஒலிபெருக்கியில் எல்லாப் பெயரும் தெருவரை வந்தன. என் பெயர் வரவில்லை.

சாமான் ஏற்றியதும் அண்ணாச்சி தோளில் துண்டோடு என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். மூக்கைக்கூட மூடவில்லை.

"பேஸ்னா இதாம்லே பேஸ்! ஒரு கரகரப்பு உண்டா? இனிமே இது இல்லாம நமக்குக் கச்சேரி கிடையாது."

அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே என் தொடையில் தட்டினார்.

"ஒண்ணு செய்யி. இனி எல்லாக் கல்யாணத்துலயும் நீ வேன்லயே இருந்துக்கோ. தாளமும் நல்லா நிக்கி, மேடையில ஒரு ஆள் எடமும் மிச்சம். அதுல இன்னொரு பாட்டுக்காரிய நிப்பாட்டிருவோம்."

கேலி செய்யவில்லை. நிஜமாகவே சந்தோஷமாகச் சொன்னார். பேபிகூட, "நல்ல யோசன அண்ணாச்சி" என்றான்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நானும் மனுஷன்தான், எனக்கும் ஒரு முகம் இருக்கிறது, நாலு பேர் அதைப் பார்க்க வேண்டாமா? ஆனால் தெருவில் உட்கார்ந்து கேட்ட அந்தச் சத்தம் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை.

"நல்ல ஒயரா வாங்கிப் போடுங்க அண்ணாச்சி" என்றேன். சொல்லி முடித்ததும், அன்றைக்கு முழுக்க யார் யார் மேலோ வந்த ஆத்திரமெல்லாம் சேர்ந்து என் மேலேயே வந்தது.