அப்பாவின் இரட்டைக்குழல்

அப்பா போனபின் அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி எனக்கும் தம்பிக்கும் வந்தது. பழைய சாமான், கொழுத்த விலை போகும் என்று தம்பி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தான். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. என் தையல்கடை மெஷின் எந்த நேரமும் காலை வாரிவிடும் நிலையில் இருந்தது.

குறுக்கே நின்றவர் அத்தைதான். அப்பாவின் தங்கை; மாமா இறந்ததிலிருந்து எங்களோடு இருக்கிறார். "அது என்னுது. எங்கப்பா எனக்கு வாங்கிக் குடுத்தது. நான் கல்யாணமாகிப் போனதும் உங்கப்பன் அமுக்கிட்டான்" என்று எனக்கு நினைவு தெரிந்த நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஐந்தடிகூட இல்லாத அத்தைக்குத் துப்பாக்கியா என்று அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். நாங்களும் கூடச் சேர்ந்து சிரிப்போம். இப்போது விற்கப்போகிறோம் என்றதும் அத்தை சண்டை போடவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். இரண்டு நாளாக என்னோடு பேச்சு வார்த்தை இல்லை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் உரிமத்தை எடுத்துக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போய்விட்டேன்.

கடைக்காரர் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு குழலுக்குள் கண்ணை வைத்தார். உள்ளே பளபளவென்று இருக்கிறது, செதுக்கு வேலையும் அபாரம் என்றார். என் தலைக்குள் புது மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. பிறகு தோளில் வைக்கும் மரக்கட்டையை நாடாவால் அளந்தார். ஒரு கண்ணை மூடி, மேலிருந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

பாதி விலைதான் போகுமாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஏன் என்று மல்லுக்கு நின்றேன். கட்டை வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் குட்டை, இடப்பக்கம் லேசாக வளைந்தும் இருக்கிறது என்று காட்டினார். யாரோ பிற்பாடு வெட்டியதல்ல, செய்யும்போதே அப்படித்தானாம்.

"ஒரு ஆளுக்குன்னு அளவெடுத்துச் செஞ்சதும்மா இது. குள்ளமான ஆளு, இடதுகைப் பழக்கம். வேற யாரு சுட்டாலும் குறி தப்பும். உங்கப்பா இடதுகையா?"

அப்பா ஆறடி, வலதுகைக்காரர். வாத்து சுடப்போகிறேன் என்று கிளம்பி, ஒவ்வொரு தடவையும் கறிக்கடைப் பொட்டலத்தோடு திரும்பியவர். எங்கள் வீட்டில் இடதுகையால் எழுதுவதும் காய் நறுக்குவதும் அத்தை ஒருவர்தான். அவருடைய தோளளவும் கைநீளமும் எனக்கு மனப்பாடம். நாள் முழுக்க ஊரையே அளக்கிறேன், வீட்டிலிருந்த இந்தத் துப்பாக்கியை அளந்து பார்க்கத் தோன்றவே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. விலையைப் பிறகு பேசலாம் என்று சொல்லி அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தம்பி கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தார். துப்பாக்கியை அவரிடம் நீட்டினேன். வாங்கியதும் முதலில் குழலைத் திறந்து, காலிதானா என்று பார்த்தார். பிறகு அதை இடது தோளுக்கு ஏற்றி, கட்டையில் கன்னத்தைப் பதித்தார். நான் தைத்துக் கொடுத்த எந்த உடுப்பும் அவருக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில்லை.

"மன்னிச்சிடுங்க அத்தை. இது உங்களோடதுதான். நாங்கதான் நம்பல."

ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வானத்திலிருந்து அத்தை கண்ணை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார். "இரு, உன் தம்பி அந்த டிவிய அணைச்சுட்டு வரட்டும்."