சூளைக்குள் ஒரு ஜன்னலோர சீட்

துண்டு போட்ட சீட்டை எங்கள் சிமெண்ட் சூளை எரிக்காது. மற்றபடி நல்ல சூளை. உடைத்த பஸ், லாரி, காரில் இரும்பைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் நுரை, ரப்பர், டேஷ்போர்டு எல்லாம் எங்களிடம்தான் வரும். நிலக்கரி பாதி, இந்தக் குப்பை பாதி. நெருப்பு முகம் சுளிப்பதில்லை. தலைமை அலுவலகம் இதற்குப் பசுமை என்று பெயர் வைத்து, கேட்டில் ஒரு பலகை மாட்டி, அதற்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறது. புகை மட்டும் பழைய நிறம்தான்.

செவ்வாய்க்கிழமை ஒரு பழைய விருத்தாசலம் பஸ்ஸின் சீட்டுகள் வந்தன. ஜன்னலோர சீட் ஒன்றில் ஊதாக் கட்டம் போட்ட துண்டு கிடந்தது. லோடு தள்ளுகிறவன் கவனிக்கவில்லை, எருமை மாடு. உள்ளே தள்ளிவிட்டான். நெருப்பு பக்கத்தில் வந்தது, துண்டைப் பார்த்தது, ஒதுங்கி நின்றுகொண்டது. பின்னால் வந்த நெருப்பும் அதன் பின்னால் நின்றது. சூளை ஆற ஆரம்பித்தது.

ஷிப்ட் என்னுடையது. ஜி.எம். தயாபரன் ஓடி வந்தார். இந்த மனிதர் வாழ்நாளில் பஸ் ஏறியதில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

"சூளை அணைஞ்சுதுன்னா நாளைக்கு நீ இந்த கேட்டுக்குள்ள வரக் கூடாது" என்றார்.

ஆவணியில் என் பெண்ணுக்குக் கல்யாணம். அப்பன் வேலையில் இருக்கிறான் என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசியிருக்கிறோம்.

துண்டுக்காரர் வரவும் என்று அரியலூர் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் சொல்ல வைத்தேன். மதியமே வந்துவிட்டார். கொளஞ்சிநாதன் என்று பெயர், கையில் இரண்டு பை, கூடவே சம்சாரம். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவராம். பஸ் கிளம்பிவிட்டது. எத்தனையோ வருஷம் ஆகியும் சீட் தன்னுடையது என்கிற திமிர் மட்டும் குறையவில்லை.

"துண்டை எடுத்துக்கங்கண்ணே" என்றேன்.

"எதுக்கு எடுக்கணும்? நான் விருத்தாசலம் போவணும். வண்டிய எப்ப எடுப்பீங்க?"

"இது சூளைங்க."

"எதா இருந்தா என்ன, சீட்டு நம்மளுது."

சம்சாரம் சூளை வாயில் எட்டிப் பார்த்தாள். "வெயில் அடிக்கிற பக்கமால்ல புடிச்சிருக்கீங்க!" என்று அவரைத் திட்டினாள்.

தயாபரனுக்குப் பொறுமை போய்விட்டது. "நான்சென்ஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நெருப்பு வழிவிட்டது. துண்டை எடுத்துக் கொளஞ்சிநாதன் தோளில் வீசினார். சீட் காலிதான் என்று எங்களுக்குக் காட்டுவதற்காக அதில் தானே உட்கார்ந்தார். பஸ்ஸில் போகாத புத்தி வேறு எப்படி இருக்கும்?

உட்கார்ந்திருக்கிற ஆளை நெருப்பு எழுப்பாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. கொளஞ்சிநாதனும் சம்சாரமும் சண்டை போட உள்ளே ஏறினார்கள். எங்கேயோ விசில் அடித்தது. சூளை ஒரு குலுக்குக் குலுக்கி, கேட்டைத் தாண்டி, மெயின் ரோட்டில் திரும்பி, விருத்தாசலம் பக்கம் போனது.

சாயங்காலம் தலைமை அலுவலகத்திலிருந்து போன். "சூளை அணைஞ்சிடுச்சா?"

"இல்லைங்க. நல்லா எரிஞ்சுக்கிட்டுதான் போவுது. செந்துறை தாண்டியிருக்கும்."

"அப்போ சரி."

வேலை தப்பியது. கல்யாணமும் தப்பியது. அடுத்த ஜி.எம். யார் என்று ஆபீஸ் வாசலில் பெரிய மனிதர்கள் எல்லாம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தனுக்கும் விவரம் போதாது. நான் பின்பக்கமாகப் போய், ஜி.எம். அறை ஜன்னல் வழியாக அந்த நாற்காலியில் என் துண்டைப் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போனேன்.