பூவம்மாவின் சக்கைக் கரி

ராயபுரம் மார்க்கெட் வாசலில் ரஷீது பாயின் கரும்புச்சாறு கடையில் சக்கரம் சுற்றுவது பூவம்மாவின் வேலை. ஐம்பத்திரண்டாம் வருஷத்துக் கோடையில் சாறு பறந்தது. சக்கை மலையாகக் குவிந்தது. ஈத்தொல்லை பொறுக்காமல் கடைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்திவிட்டாள். புகையும் சாம்பலும் பின்வீட்டு ஆங்கிலோ-இந்தியப் பெண் ஃப்ளோரன்ஸ் உலர்த்தியிருந்த வெள்ளைத் துணிகளில் போய் அப்பிக்கொண்டன.

“கண்ணு தெரியலியா உனக்கு? மொத்தமும் மறுபடி தோய்க்கணும்!” என்று மதிலுக்கு மேலிருந்து கத்தினாள் ஃப்ளோரன்ஸ்.

பூவம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாள் குழி தோண்டினாள். நன்றாகக் காய்ந்த சக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எரித்தாள். எல்லாம் தணலானதும் பழைய தகரத்தைக் கவிழ்த்து, காற்றுப் புகாமல் சுற்றிலும் மணலை அணைத்தாள். அதிகம் புகையவில்லை. காலையில் திறந்தால் சாம்பல் இல்லை. இறகுபோல லேசான கறுப்புக் கரி.

ஆசையாக அடுப்பில் போட்டாள். காகிதம் மாதிரிக் குப்பென்று எரிந்து தீர்ந்தது.

“ஒலை கூட கொதிக்கலியே, பூவு!” என்று ரஷீது பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

கோபத்தில் மீதிக் கரியை, வாசல் தெளிக்க வைத்திருந்த சாணித் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினாள். இரண்டு வாரம் கழித்துத் தொட்டியைக் கழுவியபோது அந்தக் கலவையைக் குடிசையோரத்து உப்பு மணலில் வீசினாள். ஊற்றிய தண்ணீர் நிற்காத மண் அது. அன்று மாலை வரை ஈரம் காயவில்லை! கைக்குக் கிடைத்த கீரை விதையைத் தூவினாள். ஒரு மாதத்தில் முழங்கால் உயரம் தண்டுக்கீரை நின்றது.

ஃப்ளோரன்ஸின் தொட்டிகளில் தக்காளிச் செடிகள் தினமும் வாடிக் கிடப்பதைப் பூவம்மா பார்த்திருந்தாள். மறுபடி சக்கைக் கரி செய்து சாணித் தண்ணீரில் ஊறவைத்தாள். ஒரு கூடைக் கலவையோடு போய்க் கதவைத் தட்டினாள்.

“மறுபடியும் கரியா?” ஃப்ளோரன்ஸ் பின்வாங்கினாள்.

“இது துணிக்கு இல்ல தொரசாணி, செடிக்கு. ஒரு தபா போட்டுப் பாரு.”

ஃப்ளோரன்ஸ் அரைமனதாகத்தான் மண்ணில் கலந்தாள். பத்தே நாளில் செடிகள் நிமிர்ந்தன, பிறகு பூத்தன, பிறகு கிளை தாங்காமல் காய்த்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்பியவள் தொப்பி நிறையத் தக்காளியைப் பறித்துக்கொண்டு ஓடிவந்து பூவம்மாவைக் கட்டிக்கொண்டாள். மார்க்கெட்டே வேடிக்கை பார்த்தது.

அடுத்த வாரம் மீன்காரி மங்கம்மா வந்தாள். பிறகு அவள் தெருவே கூடையோடு வந்தது. முண்டியடித்து முன்னால் நுழைந்தார் ரஷீது பாய்.

“எனக்கு ரெண்டு கூடை, பூவு. வூட்டு மல்லிக்கு.”

“வரிசையில வா, பாய்!” என்றாள் பூவம்மா.