உப்பில்லாச் சோறு

வீமனுக்கு இருதயம் வீங்கியிருக்கிறது என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் அப்துல் சுபஹான் சொன்னபோது, மருதுவின் காதில் பாதிதான் விழுந்தது. மீதியை அவர் கையால் காட்டினார். மனிதர்களுக்குக் கொடுக்கிற நெஞ்சு மாத்திரையைத்தான் நாய்க்கும் உடைத்துக் கொடுக்க வேண்டும், காலையும் மாலையும். ஓடவிடக் கூடாது. சோற்றில் ஒரு கல் உப்புகூடச் சேரக் கூடாது. கடைசியாகச் சொன்னதை மட்டும் குனிந்து, அவன் காதருகே உரக்கச் சொன்னார்.

மருது வாலிபம் முழுக்கக் கல் குவாரியில் வெடி வைத்தவன். உடம்பு தேறி நின்றது, காது போய்விட்டது. கோட்டையூரில் மெய்யம்மை ஆச்சி வீட்டுக் காவலுக்கு வந்தபோது அதை அவன் சொல்லவில்லை. செவிட்டுக் காவல்காரனை யார் வைத்துக்கொள்வார்கள்? வீமன் தலையைத் தூக்கினால் தெருவில் ஆள். எழுந்து நின்றால் வாசலில் ஆள். கயிற்றுக் கட்டிலுக்கடியில் அது உறுமினால், அதிர்வு கயிற்றில் ஏறி அவன் முதுகுக்கு வந்துவிடும். வேலை விவரமெல்லாம் ஆச்சி அவன் பெண்சாதி சின்னத்தாயியிடமே சொல்லிவிடுவாள். அவள் உள்ளே பாத்திரம் தேய்ப்பவள். இப்படியே காலம் ஓடிவிட்டது.

மாத்திரையை வாழைப்பழத் துண்டில் பொதிந்து கொடுத்தான். முதலில் இருமல் குறைந்தது. அப்புறம் வயிறு நீர் கோத்துத் தொங்கியது. நாக்கு நாவல்பழம் தின்ற மாதிரி கறுத்தது. மறுபடி கொண்டு போனபோது டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "உப்புப் போடுறியாப்பா?" என்றார். மருது நாய்மேல் கை வைத்து இல்லையென்று சத்தியம் செய்தான்.

ஆச்சி வீட்டு வாசலுக்கு வந்ததும், சின்னத்தாயி நாய்க்கு வைத்த சட்டியிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டான்.

"என்னடி, உப்புக் கரிக்குது?"

"உப்புப் போட்டாத்தான் சோறு."

"போடக் கூடாதுன்னு எத்தன மட்டம் சொன்னேன்."

"கருமாதிக்குத்தான் உப்பில்லாம ஆக்குவாக. எங்கய்யாவுக்கு அப்படித்தான் படைச்சோம். உசுரோட கெடக்கிற சீவனுக்கு அதப் பொங்கி வைக்கச் சொல்றீக. செத்துப்போன்னு நம்மளே சொல்ற மாதிரியில்ல?"

"என்ன சொல்ற? சத்தமாச் சொல்லு."

அவள் சத்தமாகச் சொன்னாள். அவனும் கத்தினான், தன் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவனுக்குத் தெரியாது.

"நாயி போச்சுன்னா நம்ம பொழப்பும் போச்சுடி!"

"அது நல்லாருக்கணும்னுதானே போட்டேன்? வெடியில போன காதுக்கு நான் தொண்டையக் கிழிக்க வேண்டியிருக்கு. நாய்க்குக் கேக்குறதுதான ஒங்களுக்குக் கேக்குது."

சொல்லி முடித்தவள் அப்படியே நின்றாள். அவனுக்குப் பின்னால் வாசற்படியில் மெய்யம்மை ஆச்சி நின்றுகொண்டிருந்தாள்.

"மருது," என்றாள் ஆச்சி, எப்போதும் பேசுகிற குரலில்.

வீமன் கண்ணை மட்டும் அந்தப் பக்கம் உருட்டியது. தலையைத் தூக்க முடியவில்லை. மருது சட்டியிலிருந்த சோற்றைக் கோபமாக வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"மருது."

சின்னத்தாயி அவனைத் தொடப் போனாள். ஆச்சி வேண்டாமென்று கையைக் காட்டினாள்.

"எப்பருந்து?"

"இங்க வரும்போதே அப்படித்தான் ஆச்சி."

"அப்ப இத்தன வருசமா வாசல்ல நின்னு நாய்க்கிட்டத்தான் பேசிருக்கேன்."

பெண்சாதியின் முகத்தைப் பார்த்துத்தான் மருது திரும்பினான். ஆச்சி இரண்டு படி இறங்கி வந்து, அவனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"நாயி இருக்கிற மட்டும் இரு. அதுக்கப்புறம் வேற ஆளுதான் பாக்கணும். இவ்வளவு பெரிய வீட்ல ஒத்தையில கெடக்குறவ நானு."

அவ்வளவும் அவனுக்குக் கேட்டது.

சாயங்காலம் சின்னத்தாயி வீட்டு அடுப்பைத் தொடவில்லை. கிணற்றடியில் கல் கூட்டி, புதுச் சட்டியில் உப்பில்லாமல் பொங்கினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வீமன் முன்னால் வைத்துவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் போனாள்.

வீமன் மோந்து பார்த்தது. வாய் வைக்கவில்லை. மருது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கவளம் உருட்டித் தான் தின்றான். மண்ணைத் தின்பது போல் இருந்தது. இன்னொன்றை உருட்டி அதன் வாயருகே நீட்டினான்.

"அய்யோ, அத நீங்க ஏன் திங்கிறீக?" என்று ஈரத் தலையோடு சின்னத்தாயி கத்தினாள்.

அதுவும் கேட்டது. அவன் கையை எடுக்கவில்லை.