கால்மிதி பற்றிய கடிதத்தின் இரண்டாவது வரைவு

1

இந்தக் கதை ஒரு பொய்க் கடிதத்திலிருந்து வந்தது. அதை எழுதியவன் நான். அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. "நாவற்குடாவில் வசிக்கும் கேதீஸ்வரி ஆகிய நான்" என்று தொடங்கி, "ஈரம் காயாத கால்மிதியை எனது கவனக்குறைவினால் விரித்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்" என்று முடியும். நான் எழுதிய மற்றவை சிறு சஞ்சிகைகளில் வந்தன. அவற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை, நன்மையும் இல்லை. அச்சுக்கே போகாத இந்த ஒன்றுதான் ஒருவரின் சோற்றில் கைவைத்தது.

அந்தக் கடிதத்தில் அவளை 'நான்' என்று எழுதிவிட்டேன். ஆகவே இங்கே 'அவள்' என்றுதான் எழுதுவேன். ஒருமுறை அவள் வாய்க்குள் புகுந்து பேசியது போதும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மட்டக்களப்பு வாவியின் மேல் காலைச் சூரியன் பொன்னை உருக்கி…"

விட்டுவிட்டேன். வாவி என்று எழுதிய உடனே வாசிப்பவர் இந்த ஊர் பெயர்பெற்ற பாடும் மீனுக்குக் காதைத் தீட்டுகிறார். இந்தக் கதையில் மீன் பாடாது. கேதீஸ்வரி நிற்கிற கரையில் சவர்க்கார நுரையும் பிளாஸ்டிக் போத்தலும்தான் மிதக்கின்றன.

இரண்டாவது: "எல்லோர் காலடியிலும் கிடக்கும் கால்மிதியைப் போலவே அவளது வாழ்க்கையும்…"

இதையும் விட்டுவிட்டேன். இலக்கியக் கூட்டங்களில் இந்த வரிக்குக் கை தட்டுவார்கள் என்பதே விடுவதற்குப் போதுமான காரணம். கால்மிதி அவளுக்கு உவமை இல்லை, பாரம். நனைந்த பெரிய கால்மிதியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அவள் தனியாகத் தூக்குவாள். தூக்கிய பிறகு கொஞ்ச நேரம் யாரோடும் பேசமாட்டாள். மூச்சு வேண்டுமல்லவா.

3

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். தெரியாமல் இரக்கப்படுவது உங்களுக்குப் பழக்கமாக இருக்கலாம், ஆனால் தெரிந்துகொண்டு படுவது நல்லது.

நகரத்தில் வங்கி, புடவைக் கடை, தனியார் மருத்துவமனை என்று எந்த வாசலில் கால் வைத்தாலும் அங்கே ஓர் ஆள் நீளத்துக்கு அகலமான கால்மிதி, ஊர்ப் பேச்சில் 'மெட்', கிடக்கும். மேலே நைலோன் மயிர், அடியில் றப்பர். அனேகமானவை வாடகைக்கு விரித்தவை. கிழமைக்கு ஒருமுறை அழுக்கானதைச் சுருட்டி எடுத்து, கழுவியதை விரிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்கிற இடம் நாவற்குடாவில், வாவிக் கரையில் இருக்கிறது. நடத்துகிறவர் திவாகரன். என் அக்காவைக் கட்டியவர், எனக்கு அத்தான். மாலையில் வண்டியில் வந்து இறங்குகிற கால்மிதிகளை இராமுழுக்கத் தட்டித் தேய்க்கிற முறை வேலையில் நான் பதினொரு மாதம் இருந்தேன். விடிந்ததும் பெண்கள் ஏழு பேர் வருவார்கள். அலசுவது, காயப்போடுவது, சுருட்டுவது அவர்கள் வேலை. அவர்களில் மூத்தவள் கேதீஸ்வரி.

முதலில் கால்மிதியைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் அடிக்க வேண்டும். மண் தானாகக் கீழே கொட்டும். மண்ணை எடுக்காமல் தண்ணீர் ஊற்றுகிறவன் சேற்றைத்தான் கழுவுவான். பிறகு சவர்க்காரம், தும்புப் பிறஷ். பிறகு நுரை நிற்கும்வரை அலச வேண்டும். காயப்போடும்போது றப்பர் வெயிலைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் வெடிக்கும். சுருட்டும்போது மயிர்ப் பக்கம் வெளியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரித்த இடத்தில் ஓரம் கிளம்பி ஆட்களின் காலைத் தடுக்கும்.

(இதையெல்லாம் நான் அவளிடம் கற்றேன் என்று எழுதினால் உங்களுக்கு ஓர் ஆசானும் சீடனும் கிடைத்துவிடுவார்கள். அவள் எனக்கு எதையும் கற்றுத்தரவில்லை. பிழையாகச் சுருட்டினால் "இதென்ன பாய் எண்டு நினைச்சியா" என்பாள். அவ்வளவுதான்.)

4

கார்த்திகையில் கிணற்று மோட்டர் எரிந்தது. மழைகாலம், வாவி நிரம்பிக் கிடந்தது, தண்ணீர் வாயில் வைக்கலாம் போல நல்ல தண்ணீர். அத்தான் கரையில் நின்று கையைக் காட்டினார். "இவ்வளவு தண்ணி கிடக்கிற இடத்தில மோட்டருக்கு என்ன அவசரம்" என்றார். பெண்கள் வாவியில் அலசினார்கள். நன்றாகவே அலசுப்பட்டது. எல்லோருக்கும் மோட்டர் மறந்துபோனது.

மார்கழியில் வெள்ளம் வயல்வட்டைக்குள் ஏறியது. வயல் அழுகப் போகிறதென்று கமக்காரர் சத்தம் போட, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிட்டார்கள். வெள்ளம் கடலுக்குப் போனது. பிறகு கடல் உள்ளே வந்தது. ஒவ்வொரு வருடமும் நடக்கிற கதைதான், ஒவ்வொரு வருடமும் பத்திரிகையில் ஒரு பெட்டிச் செய்தி வரும். கால்மிதிக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக யாரும் எழுதமாட்டார்கள்.

தை கடைசியில் கேதீஸ்வரி ஒன்றைக் கவனித்தாள். காய்ந்த கருநீலக் கால்மிதியில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் மாவாக வந்தது. சவர்க்காரம் மிஞ்சிவிட்டது என்று நினைத்தாள். அத்தானிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவரும் அதையே சொன்னார், இன்னொருக்கா அலசச் சொன்னார்.

அவள் இன்னொருக்கா அலசினாள். அதே வாவியில்.

5

மாசியில் ஒரு பின்னேரம், ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் ஆயிஷா உம்மா வழுக்கி விழுந்தார். காத்தான்குடிக்காரர், அறுபத்தெட்டு வயது, இரத்தப் பரிசோதனைக்கு வந்தவர். கால்மிதி காலோடு சேர்ந்து இழுபட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. கால்மிதியைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் ஈரம்.

உம்மா சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும் மருத்துவமனை அலுவலகம் அத்தானைக் கூப்பிட்டது. யார் பொறுப்பு என்று எழுத்தில் வேண்டும், இல்லாவிட்டால் இனி உங்கள் கால்மிதி வேண்டாம் என்றது. அத்தான் என்னைக் கூப்பிட்டார். நான் எழுதினேன்.

அடுத்த நாள் காலை அத்தான் கேதீஸ்வரியைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். அந்தக் கதிரையில் அவள் முதல்முறையாக இருந்தாள்.

"ஒரு கடுதாசிதானே அக்கா. அவங்களுக்கு ஆரோ ஒராள்ட பேர் வேணும். ரெண்டு மூணு மாசம் வீட்ட இருங்க, மறுகா நான் கூப்பிடுறன்."

"என்ட பேர்தான் வேணுமா?"

"கழுவினது நீங்கதானே."

அது உண்மை. அவள் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தாள். ஒப்பம் வைத்தால், இந்த ஊரில் எந்த வாசலிலும் அவளுக்கு இனிக் கழுவுகிற வேலை இல்லை. கடிதங்கள் அலுவலகம் அலுவலகமாகப் போகும். வைக்காவிட்டால் ஏழு பேரின் வேலையும் ஆட்டம் காணும். மற்ற ஆறு பேரும் அன்று அவளைப் பார்க்காமல் தங்கள் வேலையைப் பார்த்தார்கள், அதைவிடத் தெளிவாக யாரும் பேச முடியாது. அதோடு, பிழை தன்னுடையதுதான் என்று அவளே நம்பினாள். காயாததை எப்படித் தவறவிட்டோம் என்று எல்லா நாட்களையும் திருப்பித் திருப்பி யோசித்தாள். வெள்ளிக்கிழமைவரை தவணை கேட்டு, கடிதத்தையும் எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

6

இங்கே எனக்குத் திவாகரனில் சந்தேகம் வருகிறது. பாத்திரமாக அவர் தேறவில்லை.

கழுத்தில் ஒரு தடித்த சங்கிலி போட்டுப் பார்த்தேன். உண்மையில் அவரிடம் அது இல்லை. பெண்களைக் கெட்ட வார்த்தையில் ஏசவைத்தேன். அவர் ஏசுவதில்லை. மழை பெய்தால் ஏழு பேரையும் வண்டியில் ஏற்றி வீட்டுக்கு விடுகிற மனிதன். நல்லவன் என்று ஊர் சொல்லும். வேறொருவரின் பெயரைக் கேட்கும்போது குரலை மெதுவாக்கிக் கேட்கிறவனை ஊர் அப்படித்தான் சொல்லும். மிருகமாக எழுதினால் வாசகர் நிம்மதியாக வெறுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். அந்த நிம்மதியைத் தர எனக்கு விருப்பமில்லை.

கடிதத்தை எழுதியவனைப் பற்றி நீங்கள் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. கவனித்தேன்.

7

இரண்டாம் நாள் கேதீஸ்வரி காத்தான்குடிக்குப் பஸ் ஏறினாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து ஒப்பம் வைப்பது என்பது அவள் முடிவு. கையில் தோடம்பழம் கொண்டுபோனாள். கதவைத் திறந்த மகள் ஸகியா, யார் என்று தெரிந்ததும் பழத்தை வாங்கவில்லை. உள்ளேயிருந்து உம்மா கூப்பிட்டதால்தான் விட்டாள்.

(நான் அங்கே இருக்கவில்லை. கேதீஸ்வரி எனக்குச் சொன்னதை எழுதுகிறேன். கூட்டவில்லை. கூட்டினால் கெட்டுப்போகும்.)

"நீயா புள்ள அந்த மெட்டக் கழுவுற?"

"ஓம் உம்மா. என்னில பிழைதான். ஆனா காயப்போட்டனான். நடு வெயில்ல கிடந்திச்சி. கையால தடவிப் பாத்துத்தான் சுருட்டினன்."

"எந்தத் தண்ணியில அலசின?"

"வாவியில."

உம்மா சிரித்தார். இடுப்பு வலித்ததால் பாதியில் நிறுத்தினார்.

"முகத்துவாரம் வெட்டின மறுகா வாவியிலயா? என்ட மனிசன் கருவாட்டு யாவாரி. கருவாட்டுச் சாக்கு வெயில்ல கிடந்தா காஞ்ச மாதிரித்தான் இருக்கும். பொழுது சாஞ்சாத் தண்ணி விடும். உப்பு இழுக்கும் புள்ள. நீ எந்த ஊர்?"

"உன்னிச்சை."

"அதான் பாத்தன். குளத்துத் தண்ணி குடிச்சி வளந்தவ."

வெள்ளையாகப் பூத்தது என்னவென்று கேதீஸ்வரிக்கு இப்போது தெரிந்தது. அதைப் போக்க இன்னொருக்கா அலசியது எதை ஏற்றியது என்றும் தெரிந்தது. காயாத கால்மிதி என்று ஒன்று இருக்கவே இல்லை. அவள் தடவிப் பார்த்த கை பொய் சொல்லவில்லை.

ஸகியா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். தோடம்பழத்தைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

8

அன்று பின்னேரமே கேதீஸ்வரி என் வீட்டுக்கு வந்தாள். நான் வேலையை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. ஏன் விட்டாய் என்று அவள் கேட்கவில்லை. கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"இது உன்ட கையெழுத்துத்தானே தம்பி. அப்ப நீயே திருத்து."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். "உவர்நீரின் தன்மையை அறியாது" என்று ஓரிடத்தில் எழுதிவிட்டேன். வாசித்துக் காட்டச் சொன்னாள்.

"இது ஆர்ர கதை? நான் இப்பிடிப் பேசமாட்டன். வெட்டு."

வெட்டினேன். இரண்டாவது வரைவு இதுதான்:

"கிணற்று மோட்டர் எரிந்ததால் வாவியில் அலசச் சொன்னது முதலாளி. அலசினது நான். முகத்துவாரம் வெட்டி உப்புத் தண்ணி வந்தது எனக்குத் தெரியாது. வெள்ளை பூத்ததைக் காட்டினேன். திரும்ப அலசச் சொன்னார். அலசினேன். காயவைத்துத்தான் கொடுத்தேன். உப்பு ஈரத்தை இழுத்தது. ஆயிஷா உம்மா விழுந்ததற்கு எங்கள் எல்லோரிலும் பிழை இருக்கிறது. என்னில் மட்டும் இல்லை."

நான் எழுதியவற்றில் ஓர் அலங்காரமும் இல்லாத பந்தி இது. என்னுடையதும் இல்லை.

ஒப்பம் வைத்தாள். எழுத்துக் கூட்டி, முழுப் பெயரையும். ஏழு பேரின் வேலையை நினைவூட்டினேன். என் வாயில் அத்தானின் மெதுவான குரல் வந்ததை நானே கேட்டேன். மற்ற ஆறு பேருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பேன், ஏசுகிறவள் முகத்துக்கு நேரே ஏசட்டும் என்றாள். பிறகு கடிதத்தின் அடியில் விரலை வைத்தாள்.

"இதில சாட்சி எண்டு எழுதி உன்ட பேரப் போடு. நான் மட்டும் சொன்னா ஆரு நம்புற."

"எனக்கு என்ன தெரியும் அக்கா."

"ஒவ்வொரு நாளும் விடியக்காலையில எங்களோட மெட்டத் தூக்கிக்கொண்டு வாவிக்குள்ள இறங்கினவன் நீ. ஒருநாளும் வாயில தண்ணி படல்லயா?"

பட்டது. தை மாதம், ஒரு விடியற்காலை, கால்மிதியை உதறியபோது முகத்தில் தெறித்தது. உதட்டில் உப்புக் கரித்தது. பத்திரிகையின் பெட்டிச் செய்தியும் ஞாபகம் வந்தது; நான் பத்திரிகை வாசிக்கிறவன். என் முறை முடிந்திருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நித்திரைக்குப் போனேன்.

அதை அவளிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை வந்து கடிதத்தை எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

9

முடிவுகள்.

(அ) நான் ஒப்பம் வைக்கிறேன். அத்தான் அந்த மருத்துவமனை வாசலை இழக்கிறார், அக்கா என்னோடு பேசுவதை நிறுத்துகிறாள். கேதீஸ்வரியின் பெயர் தப்புகிறது. அவளது வேலை தப்புமா என்பது தெரியாது. மதிப்புரைக்காரர் இதை "மனசாட்சியின் விழிப்பு" என்பார். வாவி உப்பென்று தெரிந்த பிறகு ஒரு மாதம் நித்திரை கொண்டவனுக்கு அது கொஞ்சம் பெரிய பட்டம்.

(ஆ) வைக்கவில்லை. ஒரு கழுவுகிற பெண்ணின் சொல்லுக்கு எதிரே ஒரு முதலாளியின் சொல். யார் வெல்வார் என்று எழுதித்தான் காட்ட வேண்டுமா?

(இ) முடிவை வாசகரிடம் விட்டுவிடுகிறேன் என்று நாகரிகமாக… இல்லை. அது நாகரிகம் இல்லை, கோழைத்தனம். ஆனாலும் அதைத்தான் செய்யப்போகிறேன். இரண்டு நாளாக ஒரு பெயரை எழுதுவதற்குப் பதிலாக இத்தனை பக்கம் எழுதியவனிடம் வேறென்ன எதிர்பார்த்தீர்கள்?

நீங்கள் இதற்குள் என்னை (அ)வில் ஒப்பம் வைக்கச் செய்திருப்பீர்கள். தெரியும். இன்னொருவரின் பெயரைக் கடிதத்தில் போடுவது சுலபம். நானும் அரை மணித்தியாலத்துக்குள் செய்தேன்.

இன்று வெள்ளிக்கிழமை. வாசல் படலையில் நின்று கேதீஸ்வரி கூப்பிடுகிறாள். கடிதம் மேசையில் விரிந்து கிடக்கிறது, 'சாட்சி' என்று எழுதிவிட்டேன், அதற்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. வீட்டில் இருப்பது ஒரேயொரு பேனை. இந்த வரியை முடிக்கும்வரை அது எனக்கு வேண்டும்