இருமல் எதுவரை கேட்கும்

கருப்பையின் உட்சுவரை இடிப்பது என் வேலை. இடித்துவிடாதபடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது செண்பகவல்லியின் வேலை. இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம்.

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்ட என்னை நொதியாக எடுத்துக்கொண்டார்கள். சம்மட்டி கொடுத்தார்கள். பெரும்பாலும் அதைத் தூக்கியபடி நிற்க வேண்டும்.

சுவர் விருந்தாளிக்காகக் கட்டப்படுகிறது. அவர் வந்தால் அதற்குள்ளேயே தங்குவார். ஒலிபெருக்கியில் புரொஜெஸ்டிரோன் அம்மாள் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருப்பாள். "பொறுங்க." விருந்தாளி வராவிட்டால் அவள் பேச்சு நின்றுவிடும். பிடித்திருப்பவர்கள் எல்லோரும் கையை விடுவார்கள். நாங்கள் இடிப்போம். பிறகு கொத்தனார்கள் வந்து மறுபடியும் கட்டுவார்கள்.

இதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. குறை சவரிமுத்து.

ஒருவருக்கு ஒருவர் என்பதுதான் ஏற்பாடு. ஆள் பற்றவில்லை என்று செண்பகவல்லிக்கு இரண்டு பேரைக் கொடுத்துவிட்டார்கள். இடது கையில் நான். வலது கை கதவைத் தாண்டி, நடைபாதை வழியாகப் போய், கோடி அறையில் சவரிமுத்துவைப் பிடித்திருந்தது. நடைபாதை தினமும் நீண்டது. அந்தக் கையும் நீண்டது. என் பக்கத்துக் கை அப்படியே இருந்தது.

"அந்த ஆளு கை எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"கை மாதிரி இருக்கும்."

"வேர்க்குமா?"

"உங்களுக்குத்தான் வேர்க்கும்."

வேர்த்தது.

பக்கத்து அறையில் பால்சாமி அண்ணாச்சி இருந்தார். நேற்று முதல் அவர் செங்கல். எங்கள் இரண்டு அறைக்கும் நடுச் சுவரில் வைத்துக் கட்டிவிட்டார்கள்; வாய் மட்டும் மிச்சம். அம்மாள் பேச்சு நின்றதும் இருமுவது அவர் பொறுப்பு. இருமலைக் கேட்டால் பிடித்திருக்கும் கை விட்டுவிடும். கைகளுக்குத் தனியாகக் காது உண்டு.

அவள் சவரிமுத்துவை விட வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் தேவை.

"அண்ணாச்சி, ஒரு தடவை இருமுங்க."

"அம்மா பேசிக்கிட்டுல்லா இருக்கா."

"சும்மா ஒரு தடவை."

"பொம்பள விவகாரமாடே?"

"கை விவகாரம்."

"அப்ப சரி. நம்ம இருமல் எதுவரைக்கும் கேக்கும்னு தெரியும்லா?"

"எல்லாருக்கும் கேக்கும்."

அண்ணாச்சி சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

செண்பகவல்லி என் மணிக்கட்டை விட்டாள்.

அம்மாளின் குரல் ரத்தத்தில் வரும். எல்லா அறைகளுக்கும் போகும். அண்ணாச்சியின் இருமல் அடுத்த அறையைத் தாண்டாது; தூரத்து அறைகளில் இருமுவதற்கு வேறு ஆட்கள். சேர்ந்த அன்றே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அப்போது அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விட்டாச்சு. இடிங்க," என்றாள்.

"அவனை?"

"அந்தக் கைக்கு ஒண்ணும் கேக்கலியே."

தன் வலது கையையே கயிறுபோலப் பற்றிக்கொண்டு நடைபாதையில் நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பிடி விட்ட நொதியால் சும்மா நிற்க முடியாது. இடித்தேன். என் அறையில் மட்டும் சுவர் விழுந்தது. அண்ணாச்சியின் வாயும் விழுந்தது. தரையில் கிடந்து, "கேட்டேம்லா," என்றது. ஒலிபெருக்கி பொறுங்க என்றது.

விழுந்த சுவர் வழியாகக் கோடி அறை தெரிந்தது. சவரிமுத்து சம்மட்டியைத் தூக்கியபடி நின்றார். செண்பகவல்லி இப்போது அவர் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

அவருக்கு வேர்க்கத் தொடங்கியிருந்தது.