லேத்துக்காரரின் சோப்பு

அந்த வீட்டில் கடைச்சரக்கு என்று சொல்ல நாலு சுவர்தான் இருந்தது; அதுவும் வாடகைக்கு. மற்றதெல்லாம் லேத்துக்காரரின் கைவண்ணம். சலித்த சாம்பலும் காய்ந்த எலுமிச்சைத் தோலும் சேர்த்து அரைத்த பாத்திரப் பொடி அவருடையது. பழைய சட்டைகளைக் கிழித்துப் பின்னிய மிதியடி அவருடையது. எரிந்து தீர்ந்த மெழுகுவத்திகளின் ஒழுகலைச் சுரண்டி உருக்கி மறுபடியும் மெழுகுவத்தி வார்ப்பார். அது ஏற்றினால் நாலு நிறத்தில் அழும். தராசுகூட, துணி மாட்டும் கம்பியின் இரண்டு முனையிலும் டப்பா மூடிகளைக் கட்டித் தொங்கவிட்டதுதான். கஞ்சன் என்று அக்கம்பக்கத்தில் யாரும் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் செய்ததில் பாதியை அவர்களுக்கே தூக்கிக் கொடுத்துவிடுவார். தானம் செய்கிற கஞ்சனை என்னவென்று திட்டுவது?

முன்பெல்லாம் அவர் இப்படி இல்லை. இருபத்து மூன்று வருடம் ஒரே கம்பெனியில் இரும்பு கடையும் லேத்து மெஷின் முன்னால் நின்றவர். ஒரு திங்கட்கிழமை அந்தக் கம்பெனியின் கேட்டு திறக்கவில்லை. அப்புறமும் திறக்கவில்லை. மூன்று வாரம் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், குளிக்கச் சொன்னால் குளிப்பார், பேச்சு மட்டும் கிடையாது. அந்த மூன்று வாரமும் அவர் மனைவி ராத்திரியில் எழுந்து எழுந்து, மூச்சு வருகிறதா என்று அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

நாலாவது வாரம் திடீரென்று எழுந்தார். டீக்கடையில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஒரு டப்பாவில் வாங்கி வந்தார். காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றி, கலக்கு கலக்கென்று கலக்கி, ஆரஞ்சுத் தோல் பொடி தூவி, காலிப் பால் அட்டைப்பெட்டியில் ஊற்றி வைத்தார். மறுநாள் அது சோப்பாகக் கெட்டிப்பட்டிருந்தது. அதைப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். சிரிப்பைப் பார்த்த அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தச் சோப்பை முதலில் போட்டுக் குளித்தது அவள்தான். பழசு தீராமல் புதுசைத் தொடுவதில்லை என்பது அவருடைய சட்டம். அவர் பங்குக்கு நகத்தளவு கடைச்சோப்பு பாக்கி இருந்தது. அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கழுத்திலும் தோளிலும் தேய்த்தாள். மிளகாயை அரைத்துப் பூசியது போல எரிந்தது. நாலு வாளி தண்ணீர் ஊற்றியும் அடங்கவில்லை. சோடாவின் அளவில் எங்கோ கோளாறு. அவருக்கு அது தெரிய வழியில்லை. மெஷினில் சீவி விழும் இரும்புச் சுருளைத் தொட்டுத் தொட்டு அவர் உள்ளங்கை செருப்புத் தோலாகியிருந்தது. அவள் வெளியே வந்தபோது கதவோரமாகவே நின்றிருந்தார், பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளை போல.

“எப்படி இருக்கு?”

“பிரமாதம்,” என்றாள், துண்டால் கழுத்தை மூடிக்கொண்டு.

ஒரு பொய்யை நிற்கவைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். அவளுக்கு ஒன்பதோடு முடியவில்லை. மலிவான கடைச்சோப்பை வாங்கித் துருவினாள். தண்ணீர் விட்டு உருக்கி, அதே ஆரஞ்சுத் தோல் பொடியைத் தூவி, அதே மாதிரி அட்டைப்பெட்டியில் ஊற்றி, அதே அளவில் வெட்டினாள். அவர் வெட்டிய சோப்பு அலமாரியின் மேல்தட்டில் ஒரு வாரம் காயும். ஞாயிற்றுக்கிழமை அவர் எண்ணெய் வாங்கக் கிளம்பியதும் மேல்தட்டில் ஆள்மாறாட்டம் நடந்துவிடும். வீட்டுக்கு வீடு அவர் கொடுத்துப் புகழ் வாங்கியதெல்லாம் இந்தக் கள்ளச் சரக்குதான்.

கடைச்சோப்பு வாங்கக் காசுக்கு வழி? அவள் ஒரு தையல் பட்டறையில் சட்டைகளுக்குப் பொத்தான் வைக்கிறவள். பஸ்ஸுக்கென்று ஒதுக்கியதைச் சோப்பில் போட்டுவிட்டு, போகவர நடந்தாள். ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம். சோப்பு மிச்சமாகிறது என்று ஒருவர் பூரித்துக்கொண்டிருக்க, அந்த மிச்சத்துக்காக இன்னொருத்தி தனியாக மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் சொன்னால் வெடிக்கும், வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

“கடைச்சோப்பெல்லாம் இதுகிட்ட நிக்குமா?” என்று அவர் தன் முழங்கையை முகர்ந்து பார்த்துக்கொள்ளும்போது, இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். அந்த நாளைக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது.

அன்று செவ்வாய்க்கிழமை. சாப்பாட்டு நேரம் முடிந்து அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இரண்டேகால் மணி.

“இந்தா, சுருக்கமா சொல்றேன், சார்ஜ் கம்மியா இருக்கு,” என்றார் லேத்துக்காரர். குரலில் அப்படியொரு உற்சாகம். “கீழ்வீட்டு மருமக ஆஸ்பத்திரியிலேர்ந்து குழந்தையோட வந்திருக்கில்ல, அதுக்கு நம்ம சோப்புதான் வேணுமாம். கடையில விக்கறதை நம்ப முடியலையாம். மூணு மணிக்குக் குளிப்பாட்டப் போறாங்க. என்னையும் வரச் சொல்லியிருக்காங்க.”

“எந்தச் சோப்புங்க?”

“காஞ்சதெல்லாம் தீந்துபோச்சு. நேத்து வெட்டுனேனே, அதுல நல்லதாப் பாத்து நாலு கட்டி எடுத்து…”

“ஐயோ, அதைக் குடுக்காதீங்க! அது வந்து…”

“குடுத்தாச்சு, குடுத்தாச்சு. வச்சிடறேன்.”

வைத்தது மட்டுமா, அணைத்தும்விட்டார். பேசி முடித்ததும் அணைத்துவைத்தால் ஒரு தடவை ஏற்றிய சார்ஜ் மூன்று நாளைக்கு வரும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அவள் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். எந்திரப் பெண் ஒருத்தி பொறுமையாக அதே பதிலைச் சொன்னாள். கீழ்வீட்டு நம்பர் அவளிடம் கிடையாது. மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தால் கேட்கிறவர்களுக்கு நம்பர் எதற்கு?

“அக்கா, நான் வீட்டுக்குப் போகணும்,” என்று சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். “குழந்தைக்கு…”

“உனக்கு ஏதுடி குழந்தை?”

“கீழ்வீட்டுக் குழந்தை.”

“கீழ்வீட்டுக் குழந்தைக்கு நீ எதுக்குடி ஓடறே?”

அந்த அம்மாள் கேட்டு முடிப்பதற்குள் அவள் தெருவுக்கு வந்துவிட்டாள். பர்சைத் திறந்தால் இரண்டு பொத்தானும் ஒரு ஊக்கும் இருந்தன. நடக்கிறவள் பஸ்ஸுக்கு எதற்குச் சில்லறை வைத்துக்கொள்ளப் போகிறாள்? பக்கத்தில் யாரிடமாவது கேட்டு வாங்கியிருக்கலாம் என்பது முதல் தெருவைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போக மனம் வரவில்லை.

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி ஓடினாள். இரும்புக்கடைச் சந்துக்குள் புகுந்து, பள்ளிக்கூட மதிலை ஒட்டி வளைந்து, பாலத்தின் படிகளில் இரண்டு இரண்டாக ஏறினாள். எதிரே வந்த ஒரு கைவண்டிக்காரர் ஒதுங்கி நின்று, “பாத்தும்மா, உசிரு ஒண்ணுதான்,” என்றார். அவள் நினைப்பில் இருந்ததும் உயிர்தான், பிறந்து பத்து நாளான உயிர். அந்தத் தோல் வெங்காயத்தின் உள்தோல் போல அல்லவா இருக்கும்! தன் கழுத்தே அன்று மூன்று நாள் சிவந்து கிடந்தது. கண்ணில் பட்டுவிட்டால்? நினைக்க நினைக்க அவர்மேல் கோபம் வந்தது. ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா இந்த மனுஷனுக்கு! அந்தக் கோபம் அடுத்த திருப்பத்தில் தன்மேலேயே வந்து விழுந்தது. பிரமாதம் என்று சொன்ன வாயை எதில் கழுவுவது?

இவ்வளவு ஓட்டத்திலும் வாய் ஒரு புதுப் பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தது. அது துணி சோப்பு, மாற்றி எடுத்துக் கொடுத்துவிட்டார் என்று சொல்லிவிட வேண்டும். குழந்தையும் தப்பிக்கும், அவருக்கும் குறைவு வராது. பாம்பும் சாகணும், தடியும் உடையக் கூடாது. பாலத்தின் மறுபக்கம் இறங்கியபோது மருந்துக்கடைக் கடிகாரம் மூன்றுக்கு எட்டு நிமிடம் என்றது. விலாவில் குத்து எடுத்தது. நிற்காமல் ஓடினாள்.

கீழ்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கூடத்தின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஆவி லேசாகப் பறக்கும் தண்ணீர். அந்தப் பெண்ணின் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைத் தொடைமேல் கிடத்தியிருந்தாள். அது வீட்டுக்கே பெரிய மனுஷன் மாதிரி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு, புதிதாகச் சவரம் செய்த முகத்தோடு, சலவைச் சட்டையில் லேத்துக்காரர். தட்டில் நாலு கட்டி. மாமியார் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் நனைக்கப் போனாள்.

அவள் பாய்ந்து அதைப் பிடுங்கினாள்.

“இது… துணி சோப்புங்க. இவர் மாத்தி எடுத்துட்டு வந்துட்டார்,” என்றாள். மூச்சு இரைத்தது.

“துணி சோப்பா?” என்றார் லேத்துக்காரர். “நான் எப்ப துணி சோப்பு செஞ்சேன்?”

“செஞ்சீங்க. மறந்துட்டீங்க.”

“நேத்துதானே வெட்டினேன்! மறக்கறதுக்கு எனக்கு என்ன வயசா ஆயிடுச்சு?”

“யாரு சொல்றதைக் கேக்கறது?” என்று மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “எட்டு மாசமா நீங்க போடறது இதுதானேம்மா?”

அவள் கட்டியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

“நீங்க பயப்படாதீங்கம்மா,” என்று லேத்துக்காரர் எழுந்தார். அவள் கையிலிருந்து கட்டியை வாங்கி, ஒரு சொம்புத் தண்ணீரில் நனைத்து நுரைக்க வைத்தார். “இதோ பாருங்க, என் மூஞ்சியிலயே போட்டுக் காட்டறேன்.” சொல்லிக்கொண்டே இரண்டு கன்னத்திலும் தாராளமாகத் தேய்த்துக்கொண்டு, சிரித்தார்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. அப்புறம் ஒரு கன்னம் துடித்தது. கண்ணில் தண்ணீர் கோத்தது. அவர் துடைக்கவில்லை. நுரை மோவாயிலிருந்து சலவைச் சட்டையில் சொட்ட, திரும்பி அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“அவ சொல்றதுதான் சரி,” என்றார் மெதுவாக. “இது துணி சோப்புதான். தப்பா எடுத்துட்டேன். குழந்தைக்கு இன்னிக்கு வெறும் தண்ணி போதும்மா.”

நாலு கட்டிகளையும் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, நுரையோடு மாடிப்படி ஏறினார்.

மாடியில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு முகத்தைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை மூட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் அவள்தான் மூடினாள்.

“எப்பலேர்ந்து?” என்றார்.

“முதல் நாள்லேர்ந்து.”

“அப்ப நான் போட்டுக் குளிச்சது?”

“கடைச்சோப்பு. துருவி, உருக்கி…”

“என்னோடதெல்லாம்?”

“பட்டறையில தரை கழுவக் குடுத்தேன். மெஷின் எண்ணெய்க் கறையெல்லாம் சுத்தமாப் போயிடுது,” என்றாள். ஏதோ ஆறுதல் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

“வாங்கக் காசு உனக்கு ஏது?”

“நான் பஸ்ஸுல போகல.”

லேத்துக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் காலையே பார்த்தார்.

“எட்டு மாசத்துல உன் செருப்புக்கு மூணு தடவை அடி மாத்தினேன்,” என்றார். “பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்கற செருப்பு ஏன் இப்படித் தேயுதுன்னு புரியல. பசையை மாத்தினேன். அடிக்கு வெட்டற டயர் துண்டை மாத்தினேன். கடைசியில என் கைதான் போச்சுன்னு நெனச்சேன். ஒரு செருப்படி ஒட்டத் தெரியாதவன் இனி எதுக்கு லாயக்குன்னு, நீ வேலைக்குப் போனப்புறம் எத்தனை நாள் உக்காந்திருந்தேன் தெரியுமா?”

அவளுக்குத் தெரியாது. சோப்பில் காப்பாற்றியதைச் செருப்பில் உடைத்துக்கொண்டிருந்தாள் என்பது அந்த நிமிடம்தான் தெரிந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“மறுபடியும் சுவரைப் பாத்துப் படுத்துடுவீங்கன்னு பயந்துட்டேங்க.”

“படுத்திருந்தா எழுந்திருப்பேன்!” என்று கத்தினார். “மயிரிழை கூடிப்போனாலும் எங்க கம்பெனியில கடைஞ்ச சாமானைத் திருப்பி மூஞ்சியில வீசுவாங்க. வீசினாத்தான் அடுத்தது சரியா வரும். எட்டு மாசமா ஒரே தப்பை ஒரே மாதிரி செஞ்சுட்டு, ஊர் பூராப் பெருமை பேசிட்டுத் திரிஞ்சிருக்கேன். உன்னை விட்டா எனக்கு யாரு சொல்லுவாங்க?”

அவருடைய கன்னங்கள் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. எண்ணெய் தடவலாமா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் எழுந்து உள்ளே போனார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, தான் செய்த பல்பொடி டப்பாவை அவள் முன்னால் வைத்தார்.

“இதுவும் கடையா?”

“இல்லைங்க. இது உங்களோடதுதான்.”

“உள்ளதைச் சொல்லு.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். டப்பாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“வாய் பூரா மண்ணு,” என்றாள்.

“மண்ணுன்னா எப்படி? நறநறன்னா, இல்ல மாவு மாதிரி அப்புதா?”

“நறநறன்னு. ஈறு கிழியுது.”

“அப்ப சலிச்சது பத்தல,” என்றார் அவர், மூடியைத் திறந்து ஒரு சிட்டிகையை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டே. “சரி, அடுத்தது சொல்லு.”